கணினிக் கேள்வி–பதில்: வைத்த கோப்பு எங்கே போயிற்று?

இந்த மாதம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை கோப்புகளைத் தேடுவது, இடம் மாற்றுவது, ஒழுங்குபடுத்துவது ஆகியவற்றைப் பற்றியே இருந்தமையால், அவற்றை ஒன்றாகச் சேர்த்து விடை எழுதியிருக்கிறோம். விடைகள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: எங்கள் விசைப்படகின் பதிவுச் சான்றிதழையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து, வாட்ஸ்ஆப் வழியாகப் பெற்று, வீட்டுக் கணினியில் திறந்து பார்த்தேன். இப்போது மீன்வளத்துறை அலுவலகத்தில் அவற்றைக் கேட்கிறார்கள். "படகு" என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. கோப்பு அழிந்துவிட்டதா? – வாசகி, தங்கச்சிமடம்.

பதில்: அழிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் "படகு" என்று தேடுகிறீர்கள். ஆனால் அந்தக் கோப்பின் பெயரில் படகு என்ற சொல்லே இருக்காது. ஸ்கேன் எடுக்கும் இயந்திரம் தானாக ஒரு வரிசை எண்ணைப் பெயராக வைத்திருக்கும். வாட்ஸ்ஆப் அதனுடன் தேதியைச் சேர்த்திருக்கக்கூடும். சான்றிதழுக்குள் படகின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஸ்கேன் செய்த தாள் கணினிக்கு வெறும் படம்தான். எழுத்துகளை அறியும் மென்பொருள் வழியாக அதைச் செலுத்தியிருந்தாலொழிய, படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சாதாரணத் தேடல் படிப்பதில்லை.

ஆகவே பெயரை விட்டுவிட்டு, வகையையும் நாளையும் கொண்டு தேடுங்கள். விண்டோஸ் விசையுடன் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் ஃபைல் எக்ஸ்புளோரர் திறக்கும். இடப்பக்கத்தில் 'திஸ் பிசி' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வலப்பக்க மூலையில் இருக்கும் தேடல் பெட்டியில் ஒரு புள்ளியும் அதை ஒட்டி பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் தட்டுங்கள். எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு தேடுகிறீர்களோ, அதற்குள்ளும் அதன் உட்கோப்புறைகளிலும் மட்டுமே கணினி தேடும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் நின்று தேடினால் டவுன்லோட்ஸில் கிடக்கும் கோப்பு ஒருநாளும் அகப்படாது. பட்டியல் வந்த பிறகு, பார்வையை 'டீடெய்ல்ஸ்' முறைக்கு மாற்றி, 'டேட் மாடிஃபைடு' என்ற தலைப்பைச் சொடுக்கினால் அண்மையில் வந்தவை மேலே ஏறும். பிரவுசிங் சென்டருக்குச் சென்ற வாரம் நினைவிருந்தால் போதும், அந்த நாள்களை ஒட்டி வந்த கோப்புகளைத் திறந்து பார்த்துவிடலாம். பிடிஎஃப் வகையில் கிடைக்காவிட்டால் ஜேபிஜி என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். சில கடைகளில் ஸ்கேனைப் படமாகவே அனுப்பிவிடுகிறார்கள்.

இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. வாட்ஸ்ஆப் செயலியில் கோப்பைச் சேமிக்காமல் அப்படியே திறந்து பார்த்திருந்தால், அது செயலியின் உள் கோப்புறையில் தங்கிவிட்டிருக்கும். அதைத் தேடி அலைவதைவிட, அதே உரையாடலுக்குச் சென்று 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புதிதாகச் சேமிப்பது எளிது. மற்றொன்று, மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ். புதிய கணினிகளில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஆகியவை ஒன்டிரைவுக்குள் மாற்றப்பட்டிருப்பது வழக்கமாகிவிட்டது. அதனால் ஒரே பெயரில் இரண்டு டாக்குமென்ட்ஸ் கோப்புறைகள் இருக்கும், நாம் ஒன்றில் வைத்துவிட்டு மற்றொன்றில் தேடிக்கொண்டிருப்போம்.

அடிக்கடி தேட நேர்ந்தால் 'எவ்ரிதிங்' என்னும் இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். அது வழக்கமான அமைப்பில் கோப்புப் பெயர்களை மட்டுமே பார்க்கும். ஆனால் தட்டத் தட்டவே பட்டியலைக் காட்டிவிடும்.

கிடைத்தவுடன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கோப்பைத் தேர்ந்தெடுத்து எஃப் 2 விசையை அழுத்தி, அலுவலகத்தில் உங்களிடம் எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்பார்களோ அதையே பெயராக வையுங்கள்: படகின் பதிவு எண், "பதிவுச் சான்று", முடியும் ஆண்டு. எண்ணில் சாய்கோடு இருந்தால் அதற்குப் பதிலாகச் சிறு கோடு இடுங்கள். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி போன்றவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. தேடி வரும் நாளில் மனத்தில் என்ன கேள்வி இருக்குமோ, அதற்கான விடை பெயரிலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: இராமேசுவரத்தில் மீன் வியாபாரம் செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் ஓர் எக்செல் கோப்பு உருவாகிறது. படகுவாரியாகக் கோப்புறை வைப்பதா, நாள்வாரியாக வைப்பதா, மீன் வகைவாரியாக வைப்பதா? இப்போது மூன்றும் கலந்து கிடக்கின்றன. ஒரே நாள் கணக்கு மூன்று இடங்களில் இருக்கிறது, எது சரியானது என்று எனக்கே ஐயமாக இருக்கிறது.

பதில்: மூன்று இடங்களில் இருப்பதுதான் உங்கள் முதல் நோய், அதை முதலில் நிறுத்துங்கள். ஒரு கணக்கு ஓர் இடத்தில்தான் வாழ வேண்டும். வேறு கோப்புறையிலிருந்தும் அதைத் திறக்க வேண்டுமென்றால் படியெடுக்காமல் 'ஷார்ட்கட்' மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறந்தாலும் திருத்தம் மூலக் கோப்பில்தான் பதியும்.

எதன் வாரியாகப் பிரிப்பது என்பதற்கு, உங்களிடம் யார் எதைக் கேட்டு வருகிறார்கள் என்று பாருங்கள். படகுக்காரர் வந்து தம் படகுக்குப் பாக்கி எவ்வளவு என்று கேட்பார். ஆடிட்டர் ஓர் ஆண்டு முழுவதையும் கேட்பார். ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் கணவாய் எவ்வளவு, இறால் எவ்வளவு என்று கேட்பார். இவற்றுள் மீன் வகைக்குக் கோப்புறையே தேவையில்லை. சூடை, காரல், கணவாய், நண்டு என்பவையெல்லாம் எக்செல் தாளுக்குள் ஒரு நெடுவரிசையில் இருக்க வேண்டியவை. ஃபில்டர் போட்டால் அந்த மீன் மட்டும் வந்து நிற்கும். ஒரு படகு ஒரே நடையில் ஐந்தாறு வகை மீன்களைக் கொண்டுவரும்போது, அந்தக் கணக்கை எந்த மீனின் கோப்புறையில் வைப்பீர்கள்? மூன்று படிகள் பிறந்தது இதனால்தான் என்று ஊகிக்கிறேன்.

எஞ்சியிருப்பவை நாளும் படகும். கோப்புறையை ஆண்டு, அதற்குள் மாதம் என்று வையுங்கள். படகைக் கோப்பின் பெயரில் வையுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருப்பதால், விசைப்படகுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆண்டு என்பது ஜூன் 15 அன்று தொடங்குவதாகவே மனத்தில் பதிந்திருக்கும். கோப்புறையையும் அப்படியே அமைத்துவிட்டால், ஏப்ரல் முதல் நாளிலிருந்து 14ஆம் நாள் வரையிலான கணக்கு பழைய பருவத்தில் கிடக்கும், வருமான வரிக்கோ அது புதிய நிதியாண்டைச் சேர்ந்தது. நாட்டுப்படகுகள் தடைக்காலத்திலும் கடலுக்குச் செல்வதால், அவற்றின் மீனை நீங்கள் வாங்கினால் பருவ ஆண்டு என்ற பிரிவே உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டையே மேல் கோப்புறையாக வையுங்கள். படகுக்காரர் பருவக் கணக்குக் கேட்டால், ஆண்டுக் கோப்புறைகள் எல்லாம் அடங்கிய கோப்புறையில் நின்று படகின் எண்ணைத் தேடிப் பெயர்வாரியாக அடுக்கினால் இரண்டு ஆண்டுகளின் கோப்புகளும் ஒரே பட்டியலில் வந்துவிடும்.

அந்த அடுக்கு சரியாக அமைய, தேதியைப் பெயரின் தொடக்கத்தில், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், மாதத்துக்கும் நாளுக்கும் இரண்டிரண்டு இலக்கமாக எழுதுங்கள். '2025-06-18_படகு-412_இறக்கம்' என்பது போல. நாம் வழக்கமாக எழுதும் '18-06-2025' என்ற முறையில் பெயரிட்டால், எல்லா மாதங்களின் 18ஆம் நாளும் ஓரிடத்தில் சேர்ந்து நிற்கும். ஜூன் மாதக் கணக்கைப் பொறுக்கி எடுக்கவே அரை நாள் போய்விடும்.

கோப்புறைக்குள் கோப்புறையாக ஆழமாகச் செல்லாதீர்கள். மூன்று அடுக்குகள் போதும். முழுப் பாதையும் பெயரும் சேர்ந்து 260 எழுத்து என்ற பழைய வரம்பு விண்டோஸில் இன்றும் பல மென்பொருள்களைக் கட்டுப்படுத்துகிறது. தமிழில் ஒவ்வொரு கால், கொம்பு, புள்ளியும் தனி எழுத்தாகக் கணக்கிடப்படுவதால், 'கொள்முதல்' என்ற ஐந்தெழுத்துச் சொல் கணினிக்கு ஒன்பது எழுத்தாகிவிடும். நீண்ட தமிழ்ப் பெயர்களை அடுக்கிவைத்தால் இந்த வரம்பு விரைவில் தட்டும்.

பழைய குவியலை உட்கார்ந்து ஒழுங்குபடுத்த முனையாதீர்கள் என்பது என் கருத்து. பலரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, பாதியில் விட்டு, முன்பைவிடக் குழப்பமான நிலையில் நிற்கிறார்கள். 'பழையவை' என்று ஒரு கோப்புறை உருவாக்கி – கன்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதிய கோப்புறை வரும் – இருப்பவை அனைத்தையும் அதற்குள் தள்ளிவிட்டு, இன்றைய கணக்கிலிருந்து புதிய முறையைக் கையாளுங்கள். பழைய கணக்கு ஒன்றை யாராவது கேட்டு, நீங்கள் அதைத் தேடி எடுக்கும் அன்று, அந்த ஒன்றை மட்டும் பெயர் மாற்றிப் புதிய இடத்தில் வையுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்: ஓர் எக்செல் கோப்பு மற்றொரு கோப்பிலிருந்து தொகையை எடுத்துக்கொள்ளுமாறு சூத்திரம் அமைத்திருந்தால், இடம் மாற்றியவுடன் அந்த இணைப்பு அறுந்துபோகக்கூடும்; அத்தகைய கோப்புகளைப் பிரிக்காமல் ஒரே கோப்புறையோடு சேர்த்து நகர்த்துங்கள்.

கேள்வி: கீழக்கரையில் கல்யாண ஸ்டூடியோ நடத்துகிறேன். படங்களையும் வீடியோக்களையும் கணினியிலிருந்து வெளி ஹார்ட் டிஸ்குக்கு 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. பாதி அங்கும் பாதி இங்குமாக இருக்கிறது. 'கட்' செய்வது ஆபத்தா? சில வீடியோக்கள் பென் டிரைவில் ஏறவே மறுக்கின்றன, இடம் நிறைய இருந்தும்.

பதில்: ஒரே டிரைவுக்குள் இடம் மாற்றும்போது கோப்பு உண்மையில் நகர்வதில்லை, அது எந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்ற பதிவு மட்டும் மாறுகிறது. ஆகையால் எவ்வளவு பெரிய வீடியோவானாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வேறு டிரைவுக்கு மாற்றும்போது கணினி ஒவ்வொரு கோப்பாகப் படியெடுத்து எழுதிவிட்டு, மூலத்தை அழிக்கிறது. மின்சாரம் போன நொடியில் எந்தக் கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்ததோ, அது மட்டுமே அங்கே குறையாக இருக்கும். அதன் மூலம் இங்கே இருக்க வேண்டும். எனவே பதற்றப்பட வேண்டாம். வெளி டிஸ்கில் கடைசியாக எழுதப்பட்ட ஓரிரு கோப்புகளைத் திறந்து சோதித்து, திறக்காததை அழித்துவிட்டு மூலத்திலிருந்து மறுபடி எடுங்கள்.

ஆயினும், மறுபடி எடுக்கவே முடியாத கல்யாணப் படங்களைக் 'கட்' செய்து மாற்றுவதை நான் ஒப்ப மாட்டேன். முதலில் காப்பி செய்யுங்கள். இரண்டு கோப்புறைகளிலும் வலச் சொடுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் பைட் கணக்கில் அளவும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், சில படங்களைத் திறந்து பார்த்த பிறகு மூலத்தை அழிக்கலாம். மவுஸால் இழுத்துப் போடும்போது, ஒரே டிரைவுக்குள் என்றால் இடமாற்றமாகவும், வேறு டிரைவுக்கு என்றால் படியாகவும் விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். இதை நினைவில் வைப்பது கடினமென்றால், வலப் பொத்தானை அழுத்தியபடி இழுங்கள். விடும்போது காப்பியா மூவா என்று கேட்கும். தவறாக எங்கேனும் போட்டுவிட்டால் உடனே கன்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் பழைய இடத்துக்குத் திரும்பும்.

பெரிய தொகுப்புகளுக்கு விண்டோஸிலேயே, கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தில் தட்டும் 'ரோபோகாப்பி' என்ற கட்டளை இருக்கிறது. பாதியில் நின்றுபோனாலும் அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால், முழுமையாகச் சென்றடைந்தவற்றை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுத்துச் செல்லும். மின்வெட்டு உள்ள ஊரில் அதைப் பழகிக்கொள்வது நல்லது.

பென் டிரைவ் மறுப்பதற்குக் காரணம், அது 'ஃபேட் 32' முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருப்பது. அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபி அளவைத் தொட முடியாது; டிரைவில் 50 ஜிபி காலியாக இருந்தாலும் இதே நிலைதான். உள்ளிருப்பவற்றை வேறிடத்தில் வைத்துவிட்டு, 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபார்மட் செய்தால் அதிலிருப்பவை அனைத்தும் போய்விடும் என்பதை வாடிக்கையாளரின் பென் டிரைவைத் தொடுமுன் இருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் இருப்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். உப்புக் காற்றும் ஈரமும் யூஎஸ்பி முனைகளை அரிக்கும். வெளி டிஸ்கை மேசையில் திறந்தபடி வைக்காமல், மூடி இறுகிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வரும் பகுதி என்பதால், இரண்டாவது படியை ஸ்டூடியோவிலேயே வைக்காமல் வேறு வீட்டில் வைப்பது முறை.

கேள்வி: பாம்பனில் கடல்பாசி எடுக்கும் பெண்களின் சுய உதவிக் குழுவுக்குச் செயலாளராக இருக்கிறேன். பல ஆண்டுக் கூட்ட நடவடிக்கைகள் வேர்டு கோப்புகளாக இருக்கின்றன. 'கடல்பாசி' என்று தமிழில் தேடினால் அண்மையில் தட்டச்சு செய்தவை மட்டும் வருகின்றன, பழையவை வருவதில்லை. திறந்தால் எழுத்து நன்றாகவே தெரிகிறது.

பதில்: பழையவை பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அக்கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பாமினியில் 'கடல்' என்று தெரிவது உண்மையில் எஃப், எல், ஒய் என்ற மூன்று சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். எனவே தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடுகள் கொண்ட யூனிகோடு முறையில் நீங்கள் தட்டும் 'கடல்' அதனுடன் பொருந்துவதே இல்லை. நம்பிக்கையில்லாவிட்டால், பழைய கோப்பில் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியல் என மாற்றிப் பாருங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும்.

அவசரத்துக்கு, அந்த மூன்று ஆங்கில எழுத்துகளையே தட்டித் தேடினால் பழைய கோப்புகள் அகப்படும். நிலையான வழி யூனிகோடுக்கு மாற்றுவதுதான். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. வங்கியோ அலுவலகமோ கேட்கும்போது கொடுப்பதற்கும் அதுவே வசதி. 'என்எச்எம் கன்வெர்ட்டர்' என்ற இலவச மென்பொருள் பாமினி, வானவில் முதலிய பல முறைகளிலிருந்து மாற்றித் தரும். ஆனால் முழுப் பக்கத்தையும் அள்ளிப் போட்டு மாற்றாதீர்கள். இடையிடையே ஆங்கிலத்தில் எழுதிய வங்கியின் பெயர், ஐஎஃப்எஸ்சி குறியீடு, மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றையும் அது தமிழென்று கருதிப் பொருளற்ற எழுத்துகளாக்கிவிடும். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்றியதைத் தனிப் பெயரில் சேமித்து, இந்த இடங்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோப்புப் பெயர்களைத் தமிழில் தேடும்போது முழுச் சொல்லைத் தட்டாமல் வேர்ப் பகுதியை மட்டும் தட்டுங்கள். 'சங்கம்' என்று தேடினால் 'சங்கத்தின் தீர்மானம்' என்ற கோப்பு வராது. 'சங்க' என்று நிறுத்தினால் இரண்டும் வரும். அதேபோல் 'கடல்' என்பதில் புள்ளியை விட்டுவிட்டு 'கடல' என்று தட்டினால், கடலில், கடலோரம், கடல்பாசி எல்லாம் எவ்ரிதிங்கில் ஒருங்கே கிடைக்கும்.

கேள்வி: பென் டிரைவில் இருந்த கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டேன். ரீசைக்கிள் பின்னில் காணவில்லை. – வாசகர், தொண்டி.

பதில்: பென் டிரைவில் அழிப்பவை பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குச் செல்வதில்லை, நேரே போய்விடும். அதில் புதிதாக எதையும் எழுதாமல் உடனே கழற்றி வையுங்கள். பழைய கோப்பு இருந்த இடத்தின் மேல் வேறொன்று எழுதப்படாதவரை மீட்க வாய்ப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் தரும் 'விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி' போன்ற மென்பொருளால் முயலலாம். மீட்டதை அதே பென் டிரைவில் சேமிக்காமல் கணினியில் சேமியுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் 'டி' டிரைவில் வைத்தால் பாதுகாப்பு என்கிறார்கள். உண்மையா? – வாசகர், மண்டபம்.

பதில்: பாதி உண்மை. விண்டோஸை மீண்டும் நிறுவும்போது 'சி' டிரைவை ஃபார்மட் செய்தால், டெஸ்க்டாப்பில் வைத்தவை உட்பட அதிலுள்ளவை போகும், 'டி' தப்பிக்கும். ஆனால் பல கணினிகளில் இரண்டும் ஒரே டிஸ்கின் இரண்டு பிரிவுகள்தாம். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கேள்வி: சாயல்குடியில் இணையச் சேவைக் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களின் ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்று ஆகியவற்றின் படிகள் டெஸ்க்டாப் முழுவதும் நிரம்பிக் கிடக்கின்றன. எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: ஒழுங்குபடுத்தாதீர்கள், அழியுங்கள். அவை உங்கள் கோப்புகள் அல்ல. விண்ணப்பம் அனுப்பி ஒப்புகைச் சீட்டு வந்த பிறகு, பிறருடைய ஆதார் படி உங்கள் கணினியில் இருக்க நியாயம் இல்லை. 'இன்று' என்று ஒரே ஒரு கோப்புறை வைத்து, ஸ்கேனர், பிரவுசர் இரண்டிலும் சேமிக்கும் இடமாக அதையே அமைத்துவிடுங்கள். வாட்ஸ்ஆப்பில் வருவதையும் அதற்குள்ளேயே சேமியுங்கள். வாடிக்கையாளருக்குத் தேவைப்பட்டால் அவருடைய பென் டிரைவிலோ கைபேசியிலோ ஏற்றிக் கொடுங்கள். கடையை மூடுமுன் அந்தக் கோப்புறையில் உள்ளவற்றை எல்லாம் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டுடன் டிலீட் அழுத்துங்கள்; வெறும் டிலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் அப்படியே கிடக்கும், மறுநாள் வருபவர் எடுத்துப் பார்க்கலாம். சேவ் ஆகும் இடத்தை மாற்ற மறந்த நாள்களில் டவுன்லோட்ஸையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாட்ஸ்ஆப் வெப்பில் வாடிக்கையாளர் தம் கணக்கைத் திறந்திருந்தால், அவர் எழுந்து செல்லுமுன் லாக்அவுட் செய்யச் சொல்லுங்கள்.